லாரி நிற்கும்போது கணக்கு யாருடையது? டர்பனில் புது டிரைவர் வேலைக்குச் சேருமுன் கேட்க வேண்டியவை

டிரெய்லர் லாரி ஓட்டும் கோட் 14 லைசென்ஸ் கைக்கு வந்த வாரமே என் அக்கா மகனுக்குப் போன் வர ஆரம்பித்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தான். "மாமா, ஜோகன்னஸ்பர்க் ட்ரிப்புக்கு நல்ல காசு தருகிறார்களாம். நாளைக்கே வரச் சொல்கிறார்கள்."

"சரி. துறைமுகத்தில் லோடு ஏற்ற வரிசையில் நிற்பாயே, அந்த நேரத்துக்கு என்ன தருகிறார்கள்?"

அதை அவன் கேட்கவில்லை. நானும் அந்த வயதில் கேட்டதில்லை. என் முதல் நீண்ட தூர வேலையில் ட்ரிப்புக்கு இவ்வளவு என்று பேசினார்கள். கேட்கப் பெரிய தொகைதான். ஒரு கன்டெய்னருக்காக துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் சாலையில் பதினோரு மணி நேரம் நின்றேன். அதற்கு ஒரு ராண்ட் கூட வரவில்லை. அந்த மாதக் கடைசியில், பேக்கரி வேன் ஓட்டிய என் மைத்துனன் என்னைவிட அதிகம் வாங்கியிருந்தான். சாப்பாட்டு மேசையில் அதை அவன் சொல்லிக் காட்டியது வேறு கதை.

லாரி ஓடும்போது எல்லாக் கம்பெனியும் ஏறக்குறைய ஒன்றுதான். நிற்கும்போதுதான் நல்ல கம்பெனிக்கும் மற்றதற்கும் வித்தியாசம் தெரியும். வேலைக்கு ஆள் எடுப்பவர் ஓடுவதைப் பற்றித்தான் பேசுவார். நிற்பதைப் பற்றி நாம்தான் கேட்க வேண்டும்.

போனை எடுக்குமுன்

லைசென்ஸ் மட்டும் போதாது. சரக்கு ஓட்ட பி.டி.பி என்று நாம் சொல்லும் தொழில்முறை ஓட்டுநர் அனுமதி வேண்டும். சரக்குக்கான ஜி பிரிவு 18 வயதில் கிடைக்கும். பெட்ரோல், ரசாயனம் ஏற்றும் டி பிரிவுக்கு 25 வயது ஆக வேண்டும், அதற்கான பயிற்சிச் சான்றிதழும் போலீஸ் சான்றும் தேவை. அனுமதி இரண்டு வருடத்துக்குத்தான், அதனால் காலாவதித் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அது முடிந்த பிறகு ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அந்தத் தேதியைத்தான்.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே வர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "விசிட்டர் விசாவில் வா, வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அந்த விசாவில் வேலை செய்வது சட்ட விரோதம்.

முதல் அழைப்பில்

முதல் கேள்வி: நீங்கள் கம்பெனி ஆளா, கம்பெனிகளுக்கு ஆள் சப்ளை செய்யும் லேபர் புரோக்கரா? இதில் கூச்சப்பட எதுவும் இல்லை. புரோக்கர் என்றால், சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கும், லாரி யாருடையது என்று அடுத்துக் கேளுங்கள். வருமான வரம்புக்குக் கீழே இருக்கும் தொழிலாளி புரோக்கர் மூலம் ஒரே இடத்தில் மூன்று மாதத்துக்கு மேல் வேலை செய்தால், தொழிலாளர் உறவுச் சட்டத்தின்படி அந்த இடத்துக்காரரின் தொழிலாளியாகவே கருதப்படுவார். 2018-இல் அரசியலமைப்பு நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதனால்தான் சில இடங்களில் இரண்டரை மாதத்தில் "கொஞ்ச நாள் ஓய்வெடு தம்பி" என்பார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு உங்கள் ஆட்களை என்ன செய்கிறீர்கள் என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் பணம். யூனிஃபார்முக்கு, மெடிக்கலுக்கு, ஃபைல் திறக்க என்று யாராவது காசு கேட்டால் போனை வைத்துவிடலாம். வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதை 2014-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம் தடுக்கிறது. வாட்ஸ்அப்பில் பெரிய கம்பெனியின் லோகோவைப் போட்டுப் பணம் அனுப்பச் சொல்பவர்கள் இங்கே நிறைய. அந்தக் கம்பெனியின் டிப்போவுக்கு நேரில் போய், கேட்டில் இருக்கும் காவலாளியிடம் "இங்கே டிரைவர் எடுக்கிறார்களா?" என்று கேட்டாலே பாதிப் பொய் உடைந்துவிடும்.

காசு பேசும் இடம்

இங்கே அவசரப்படாதீர்கள். "ட்ரிப்புக்கு எவ்வளவு?" என்பதோடு நிறுத்துபவன்தான் ஏமாறுகிறான்.

வாடகைக்குச் சரக்கு ஏற்றும் கம்பெனி என்றால் அது சாலைச் சரக்குத் துறையின் தேசியப் பேரம்பேசும் மன்றத்தின் கீழ் வரும். நாம் சுருக்கமாக பார்கெய்னிங் கவுன்சில் என்கிறோம். டிரைவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்ன என்பதை அங்கே செய்யும் ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது. வண்டியின் கனத்தைப் பொறுத்து டிரைவரின் தரம் மாறும், தரத்தைப் பொறுத்துச் சம்பளம் மாறும். ஆகவே கேள்வி இப்படி இருக்கட்டும்: "என்னை எந்தத் தரத்தில் போடுகிறீர்கள்? ட்ரிப் காசு கவுன்சில் சம்பளத்துக்கு மேலே வருவதா, இல்லை அதற்குப் பதிலாக வருவதா?" பதிலாக என்றால் உஷார். மாதத்தில் எத்தனை ட்ரிப் ஓடினாலும் கவுன்சில் சம்பளத்துக்குக் கீழே போகக் கூடாது. லாரி சர்வீஸில் கிடக்கும் வாரத்திலும் அப்படித்தான்.

சாதாரண வாரம் 45 மணி நேரம். அதற்கு மேலே ஓவர்டைம், ஒன்றரை மடங்கு. அந்த 45 மணி நேரத்தில் என்னென்ன சேர்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. யார்டுக்கு வந்து லாரியைச் சோதிக்கும் நேரம், துறைமுகத்தின் பியர் 2 முனையம் முன்னால் வரிசையில் நிற்கும் நேரம், ஜோகன்னஸ்பர்க்கின் சிட்டி டீப் சரக்கு நிலையத்தில் இறக்கக் காத்திருக்கும் நேரம், சூப்பர்மார்க்கெட் கிடங்கின் வாசலில் "நாளைக் காலை வா" என்று திருப்பி அனுப்பும் நேரம். இவையெல்லாம் வேலை நேரமா? "ஆமாம்" என்று சொன்னால், அதை எதில் பதிவு செய்கிறீர்கள் என்று அடுத்துக் கேளுங்கள். டிராக்கரில் இன்ஜின் ஓடும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் கம்பெனிகள் உண்டு. அந்தக் கணக்கில் வரிசையில் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் டிரைவர் வீட்டில் இருக்கிறார் என்று பொருள்.

டர்பன் துறைமுகத்தில் லாரிகளுக்கு நேரம் முன்பதிவு செய்யும் முறை இருக்கிறது. அந்த நேரத்தைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். முன்பதிவு செய்வது ஆபீஸ், போய்ச் சேர வேண்டியது நீங்கள், தவறினால் பழி யாருக்கு? இதையும் கேட்டு வையுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பேஹெட் சாலையே சேதமாகி லாரிப் போக்குவரத்து நின்றுபோனது. அந்த மாதிரி நாட்களில் டிரைவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சம்பளத்தை வெட்டுவார்களா, அடிப்படைச் சம்பளம் வருமா?

வெளியூரில் தங்கும் இரவுக்கு உணவுப் படி உண்டு, இரவு ஷிஃப்டுக்குத் தனிப் படி உண்டு, எல்லை தாண்டினால் அதற்கும் உண்டு. எவ்வளவு, எப்போது கையில் வரும் என்று கேளுங்கள். ட்ரிப்புக்கு முன்பே வருமா, மாதக் கடைசியிலா? மாதக் கடைசியில் என்றால் முதல் மாதம் முழுக்க உங்கள் சொந்தக் காசில்தான் சாப்பிட வேண்டும்.

பிராவிடன்ட் ஃபண்டுக்கும் கவுன்சிலின் வெல்னஸ் ஃபண்டுக்கும் பணம் கட்டுகிறார்களா என்பதை வாய்வார்த்தையில் நம்ப வேண்டாம். பெயரை அழித்த ஒரு பழைய சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். வேலையில்லாக் காலக் காப்பீடான யூ.ஐ.எஃப்-க்கு உங்களிடம் 1 சதவீதம் பிடித்து, கம்பெனி 1 சதவீதம் போட வேண்டும். அந்த வரியே சீட்டில் இல்லையென்றால் மற்றதைப் பேசிப் பயனில்லை.

எந்த ரோடு, எப்போது வீடு

ஒரு சின்னக் கணக்கு. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் என்3 நெடுஞ்சாலை வழியாகச் சுமார் 570 கிலோமீட்டர். 9 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு வேக வரம்பு மணிக்கு 80. எங்கும் நிற்காமல், எந்த மேட்டிலும் வேகம் குறையாமல் போனாலே ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் நாம் கிளம்புவது கடல் மட்டத்தில், போய்ச் சேர்வது 1,700 மீட்டருக்கு மேலே. 56 டன் மொத்த எடையோடு அந்த வழியிலுள்ள டவுன் ஹில் மேட்டையும் வான் ரீனன் கணவாயையும் ஏறிப் பார்த்தவர்களுக்கு 80 என்பது எவ்வளவு பெரிய எண் என்று தெரியும். ஆகவே ஒரே டிரைவர் ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று யாராவது சொன்னால், அவர் நிற்காத 14 மணி நேரத்தைப் பற்றிப் பேசுகிறார். அந்தக் கம்பெனியில் தூக்கம் எங்கே என்று கேளுங்கள்.

சில கம்பெனிகள் பாதி வழியில், ஹாரிஸ்மித் பக்கம், டிரைவரை மாற்றும். டர்பன்காரர் அங்கே டிரெய்லரைக் கொடுத்துவிட்டு, ஜோபர்க்காரர் கொண்டுவந்ததை எடுத்துக்கொண்டு திரும்புவார். ராத்திரி வீட்டில் தூங்கலாம். குடும்பஸ்தர்களுக்கு இதைவிட நல்ல ஓட்டம் இல்லை என்பது என் எண்ணம். காசு கொஞ்சம் குறையும், பரவாயில்லை. "மாற்று இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு, எதிரே வருபவர் தாமதமானால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எல்லை தாண்டும் ஓட்டத்தில் காசு அதிகம், பொறுமையும் அதிகம் வேண்டும். ஜிம்பாப்வே எல்லையான பைட்பிரிட்ஜில் நாள்கணக்கில் நின்றவர்கள் உண்டு. 2021-இல் கசுங்குலா பாலம் திறந்த பிறகு ஜாம்பியாவுக்கு போட்ஸ்வானா வழி சுலபமானது, ஆனால் எந்த வழி என்பதை முடிவு செய்வது ஆபீஸ்தான். 2024 கடைசியில் மொசாம்பிக்கில் கலவரம் வந்தபோது லெபோம்போ எல்லையை மூடினார்கள், கோமாட்டிபோர்ட் பக்கம் லாரிகள் வரிசையாக நின்றன. எல்லை மூடினால் ஒரு நாளுக்கு எவ்வளவு படி, எந்த நாட்டுப் பணத்தில், வண்டியை விட்டுவிட்டு வீடு திரும்ப வழி உண்டா? இதற்கு ஆள் எடுப்பவர் "அதெல்லாம் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்வார்" என்றால், ஆபீஸிலிருந்து வண்டிகளை இயக்கும் அந்தக் கன்ட்ரோலரிடமே பேச வேண்டும் என்று சொல்லுங்கள். தினமும் உங்களைப் போனில் அதட்டப் போகிறவர் அவர்தான்.

நம் வீட்டு விஷயம் ஒன்று. தீபாவளி இந்த நாட்டில் பொது விடுமுறை கிடையாது. தைப்பூசக் காவடியும் கிடையாது. புனித வெள்ளி விடுமுறை என்பதால் ஈஸ்டர் சமயத்தில் மவுண்ட் எட்ஜ்கூம்ப் மாரியம்மன் கோயில் தீமிதிக்கு லீவ் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம், லாரிக்காரனுக்கு அந்த வாரம்தான் கடைகளுக்கெல்லாம் சரக்கு போகும் வாரம். காவடி எடுப்பவர்கள் விரத நாட்களைச் சேர்த்தே பேசுங்கள். பத்து நாள் சைவம் சாப்பிட்டு நீண்ட தூரம் ஓட்டுவது முடியாததில்லை, நான் செய்திருக்கிறேன். டிரக் ஸ்டாப்பில் கிடைப்பதெல்லாம் மீட் பை, பூர்வோர்ஸ் சாசேஜ், கோழிதான், அதனால் கூலர் பாக்ஸில் புளிச்சாதத்தோடு கிளம்ப வேண்டும். ஆனால் காவடி நாளன்று என்3-இல் மூயி ரிவர் டோலில் நிற்பது கொடுமை. வருட லீவில் அந்த நாளை முன்கூட்டியே எழுதித் தருவார்களா என்று சேரும்போதே கேட்டால் பாதிப் பேர் சரி என்பார்கள். சேர்ந்த பிறகு கேட்டால் "ரோஸ்டர் போட்டாச்சு".

வண்டியைக் காட்டச் சொல்லுங்கள்

யார்டுக்குப் போகாமல் கையெழுத்து வேண்டாம். நீங்கள் ஓட்டப் போகும் ஹார்ஸையும் (இழுக்கும் முன்வண்டி) டிரெய்லரையும் கண்ணால் பாருங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க்குகளின் தேதி, டயரின் தேய்மானம், டிரெய்லருக்குக் காற்று போகும் குழாய்கள். தகுதிச் சான்று வருடா வருடம் வாங்க வேண்டும். ஒரே வண்டி உங்களுக்கா, கிடைத்ததை ஓட்ட வேண்டுமா? கிடைத்ததை என்றால், முந்தையவர் விட்டுப்போன உடைசலுக்கு நீங்கள் பொறுப்பாகாமல் இருக்க என்ன ஏற்பாடு?

பிரேக் சரியில்லை என்று டிரைவர் எழுதிக் கொடுத்தால் வண்டி வெளியே போகுமா, போகாதா? இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலில் கம்பெனியின் குணம் தெரிந்துவிடும். 2013 செப்டம்பரில் பைன்டவுனில் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் வந்த ஒரு லாரி கீழே இருந்த ரோபோவில் டாக்ஸிகள் மேல் மோதி 24 பேர் இறந்தார்கள். (சிக்னல் விளக்கை நாங்கள் இங்கே ரோபோ என்போம்.) அதற்குப் பிறகு அந்த மலையில் கனரக லாரிகளுக்குத் தடை வந்தது. கோர்ட்டில் நின்றது ஒரு இளம் டிரைவர். "எடு, போகும் வழியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்ன எந்த மெக்கானிக்கும் உங்களுக்குப் பதில் கோர்ட்டில் நிற்க மாட்டார்.

எடையையும் கேளுங்கள். கிளம்புமுன் எடைப்பாலச் சீட்டு கொடுக்கிறார்களா? ஆர்.டி.எம்.எஸ் என்ற தன்னார்வத் தரச் சான்று கம்பெனிக்கு இருந்தால் எடை, டிரைவர் உடல்நலம், வண்டிப் பராமரிப்பு எல்லாவற்றிலும் ஓரளவு ஒழுங்கு இருக்கும்.

பிடித்தம்

டீசல் குறைந்தது, பாலெட் குறைந்தது, தார்ப்பாய் கிழிந்தது, வேகத்துக்கு ஃபைன். மாதக் கடைசியில் இவை வரிசையாக வரும். சட்டம் என்ன சொல்கிறது என்றால், சேதத்துக்காகப் பிடிக்க உங்கள் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும், தவறு உங்களுடையது என்று முறையாக விசாரித்திருக்க வேண்டும், உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும், அப்போதும் ரொக்கச் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் பிடிக்கக் கூடாது. இதைத் தெரிந்துகொண்டு, "போன மாதம் எத்தனை டிரைவர்களுக்குப் பிடித்தீர்கள், எதற்காக?" என்று கேளுங்கள்.

சேரும் நாளில் ஒரு கட்டுப் பேப்பர் நீட்டுவார்கள். நடுவில் தொகை எழுதாத பிடித்தச் சம்மதப் படிவம் ஒன்று இருக்கும். அதில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள், அல்லது வெற்றிடத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் போடுங்கள். பயிற்சிச் செலவுக்காக ஒரு வருடம் விலகக் கூடாது என்ற ஒப்பந்தம் இருந்தால், விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், மாதாமாதம் அது குறைகிறதா என்று பாருங்கள்.

ஆபத்து வந்தால்

2021 ஜூலையில் மூயி ரிவரில் லாரிகளுக்குத் தீ வைத்தார்கள். 2023 ஜூலையில் வான் ரீனனிலும் வைத்தார்கள். இரவில் செய்தி வந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு, நான் பயந்து நிறுத்தினால் அதற்குத் தண்டனை உண்டா, எந்தெந்த டிரக் ஸ்டாப்பில் தங்க கம்பெனி பணம் கட்டுகிறது? லாரிக்கும் சரக்குக்கும் கலவரக் காப்பீடு அரசுக் காப்பீட்டு நிறுவனமான சாஸ்ரியாவில் இருக்கும். உங்கள் போனுக்கும் துணிப்பைக்கும் இருக்காது. கடத்தல் நடந்தால் டிரைவரை முதலில் சந்தேகித்து வேலையை நிறுத்தும் கம்பெனிகள் உண்டு, கடத்தலுக்குப் பிறகு டிரைவருக்கு என்ன செய்கிறீர்கள், கவுன்சலிங் உண்டா, அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்று கேட்பதில் தவறில்லை.

கேட்டுக்கு வெளியே

இவ்வளவும் கேட்ட பிறகு, மாலை ஐந்து மணிக்கு டிப்போ வாசலுக்குப் போங்கள். வெளியே வரும் டிரைவரிடம் சலாம் வைத்து, "அண்ணே, போன மாதம் எத்தனை ராத்திரி வீட்டில் இருந்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். ஜூலுக்காரர் என்றால் "சாவுபோனா" சொல்லிவிட்டுக் கேளுங்கள், அதே பதில்தான் வரும். சாடாவு போன்ற யூனியன் உள்ளே இருக்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

அனுபவம் இல்லாதவரை நேராக இரண்டு டிரெய்லர் பூட்டிய சூப்பர்லிங்க்கில் ஏற்றிவிடுகிறோம் என்று சொல்லும் இடத்தை நான் நம்ப மாட்டேன். பெரும்பாலும் இன்சூரன்ஸ்காரர்களே சில வருட அனுபவம் கேட்பார்கள். எட்டு டன் வண்டியில் பைன்டவுனுக்கும் டோங்காட்டுக்கும் ஒரு வருடம் ஓடுவது கேவலமில்லை. என் அக்கா மகன் இப்போது அதைத்தான் செய்கிறான்.

சேர்ந்த முதல் வாரத்திலிருந்து ஒரு நோட்டில் தேதி, யார்டுக்கு வந்த நேரம், நின்ற இடம், நின்ற நேரம், கிளம்பிய நேரம் எழுதி வையுங்கள். முதல் சம்பளச் சீட்டு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் முதலில் சம்பள ஆபீஸில் எழுத்தில் கேளுங்கள், பதில் இல்லையென்றால் கவுன்சிலின் டர்பன் ஆபீஸுக்கு நோட்டோடு போங்கள். வேலையை விட்டே நீக்கிவிட்டால் புகார் கொடுக்க 30 நாள்தான். அந்த 30 நாளில் பத்து நாளைத் திட்டுவதிலேயே கழித்துவிடுகிறோம்.